ஸ்டாப்வாட்ச் அக்கா

தையல் கம்பெனியில் அவளுக்கு ‘ஸ்டாப்வாட்ச் அக்கா’ என்று பெயர். காலர் தைக்க எவ்வளவு நேரம், பட்டன் வைக்க எவ்வளவு நேரம் என்று அளப்பதுதான் அவள் வேலை. கழுத்தில் எப்போதும் அந்தக் கடிகாரம் தொங்கும். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் திட்டினாலும், தொழிலில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. புதிதாகச் சேர்ந்த பெண்ணை அளக்கும்போது மட்டும் தூணுக்குப் பின்னால் மறைந்து நின்றுகொள்வாள். கடிகாரத்தைப் பார்த்தால் புதுக்கை நடுங்கும், ஊசி விரலில் ஏறிவிடும்.

இவ்வளவு தெரிந்தவள் வீட்டுக்கு வந்ததும் அதை மறந்துபோனாள். அதுதான் கொடுமை.

அவளுக்கு ஒரே மகள், எட்டு வயது. வகுப்பில் எழுந்து வாசிக்கும்போது பிள்ளைக்கு வார்த்தை திக்கும். டீச்சர் அவசரப்படுத்துவார், மற்ற பிள்ளைகள் சிரிக்கும். முதலில் வாசிப்பு நின்றது, பிறகு பேச்சே நின்றது. வீட்டிலும் வெறும் தலையாட்டல்தான். தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை, விரட்டாமல் விட்டுப்பிடியுங்கள் என்றார் டாக்டர். ஸ்டாப்வாட்ச் அக்கா வேலையை விட்டாள். இனி வீட்டிலேயே படிப்பு, எல்லாம் நிதானமாக என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். எலக்ட்ரீஷியனான கணவர்தான் இழுத்தார். அடுத்த பள்ளி வருடம் தொடங்குவதற்குள் பிள்ளை பேசாவிட்டால் திரும்பவும் பள்ளிக்கூடம்தான் என்று ஒரு கெடு வைத்தார்.

கெடு வைத்ததுதான் தாமதம், நிதானம் காற்றில் பறந்தது. பழக்கதோஷம், ஸ்டாப்வாட்ச் மறுபடி கழுத்தில் ஏறியது. கணக்கு முடிவதற்குள் வாசிப்பு, வாசிப்பு முடிவதற்குள் படம் வரைதல். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள்போல அடுப்புக்கும் மேசைக்கும் நடுவே ஓடினாள். சும்மா இருப்பதற்குக்கூட நேரம் ஒதுக்கி, அது முடிந்ததும் பிள்ளையை எழுப்பிவிட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பதறாத காரியம் சிதறாது என்று பக்கத்து வீட்டுக்காரி ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள். காதில் ஏறவில்லை. பிள்ளை வாய் திறக்கவும் இல்லை. கெடு நெருங்க நெருங்க, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழப் பழகிக்கொண்டாள்.

அன்று மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு இறங்கியவள் கதவருகே அப்படியே நின்றாள். உள்ளே மகளின் குரல். துணிகளை மார்போடு அணைத்தபடி எட்டிப் பார்த்தாள்.

நாற்காலியில் பொம்மை உட்கார்ந்திருந்தது. மகள் ஒரு பாட்டில் மூடியை நூலில் கோத்துத் தன் கழுத்தில் மாட்டியிருந்தாள்.

“சீக்கிரம் பேசு. டைம் போயிட்டே இருக்கு. உன்னாலதான அம்மா அழறேன்?”

துளி திக்கல் இல்லை. குழாய்ச் சத்தத்தையும் தாண்டி எல்லாம் கேட்டிருக்கிறது. கதவுக்குப் பின்னால் நின்றவளுக்கு உடம்பே கூசிப்போனது. முன்பெல்லாம் தூணுக்குப் பின்னால் நின்றவள்தானே, பெற்ற பிள்ளைக்கு எதிரே போய்க் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

ஸ்டாப்வாட்சைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டாள். ஒரு கூடைப் பட்டாணியை எடுத்துவந்து தரையில் மகளருகே உட்கார்ந்தாள்.

“இன்னைக்குப் பாடம் ஒண்ணும் வேணாம் கண்ணு. மெதுவா உரிக்கலாம். ஒரு அவசரமும் இல்ல.”

மகள் தலையாட்டினாள். ஆனால் அந்தச் சின்ன விரல்கள் பறந்தன. பட்டாணி நாலாபுறமும் சிதறி ஓடியது. அம்மா ஒரு கைப்பிடி உரிப்பதற்குள் மகள் தன் பங்கை முடித்துவிட்டாள். அம்மாவின் வெறுங்கழுத்தைப் பார்த்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். இத்தனை மாதத்தில் முதல்முறையாக அவளிடம் பேசினாள்.

“லே... லேட்டாயிடுச்சாம்மா?”

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அழுகைதான் வந்தது. அதைப் பார்த்த மகள், அம்மாவின் பங்கையும் தன் பக்கம் இழுத்துவைத்து அவசர அவசரமாக உரிக்கத் தொடங்கினாள்.