ஐவி ருசி பார்த்த ஸ்டவுட்

தன் சாவைப் பற்றி வில்ஃப் ஓல்ட்ராய்டுக்கு இருந்தது ஒரே கவலைதான்: அடக்கத்தன்று யாரும் கடைப் பீரைக் குடித்துவிடக் கூடாது. வட இங்கிலாந்தில், பார்ன்ஸ்லிக்குப் பக்கத்தில் சுரங்கத்தை ஒட்டிய வரிசை வீடுகளில் அவன் பன்னிரண்டாம் நம்பர், நான் பதினாலு. பதினெட்டு வருஷம் ஒரே ஷிஃப்டில் கரி வெட்டினோம். தூசி அவன் நுரையீரலைத் தின்றது, என்னுடையதை விட்டுவிட்டது. ஏன் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை.

எங்கள் தெருவில் பாதிப் பேர் வீட்டிலேயே பீர் காய்ச்சுவார்கள். பெரும்பாலும் கழுநீர்தான். வில்ஃப் காய்ச்சுகிற ஸ்டவுட் என்ற கறுப்பு பீர் வேறு. வறுத்த பார்லியும் கசப்புக்குப் போடுகிற ஹாப்ஸ் பூவும் எல்லாருக்கும் ஒன்றுதான். அவன் கடைசியில் கரும்பாகு சேர்ப்பான், அதுவும் இஞ்சிக் கேக்குக்கென்று அவன் பெண்டாட்டி ஐவி வைத்திருக்கும் டின்னிலிருந்து திருடி. டின்னை வெந்நீரில் நிறுத்தி இளக்கி, கரண்டி கரண்டியாக விட்டு, ருசி பார்த்து நிறுத்துவான். ஒரு கரண்டி குறைந்தால் சப்பை, கூடினால் இருமல் மருந்து. அளவு கிடையாது, நாக்குதான்.

எழுபத்தைந்தாம் வருஷம் அக்டோபரில், தன் அடக்கத்துக்கென்று அவன் காய்ச்ச உட்கார்ந்தபோது, அந்த நாக்கு செத்திருந்தது. மாத்திரையோ ஆக்ஸிஜனோ, எது கொன்றது என்று தெரியாது. இஞ்சியும் இரும்பும் அவனுக்கு ஒன்றாகிவிட்டன. நான் ருசி பார்க்கிறேன் என்றேன்.

"நீயா? சாக்கடையக் குடுத்தாலும் இன்னொரு கிளாஸ் கேக்குற ஆளு நீ" என்றான். "ஐவி, நீதான் பாக்கணும்."

ஐவி சர்ச்சில் வளர்ந்தவள். மதுவைத் தொடமாட்டேன் என்று பதினோரு வயதில் கையெழுத்துப் போட்ட காகிதம் சட்டம் போட்டு முன்னறைக் கணப்புக்கு மேலே தொங்கியது. சனிக்கிழமை சாயங்காலங்களில் நானும் வில்ஃபும் பின்பக்கத் துணி துவைக்கும் அறையில் உட்கார்ந்து குடிப்போம். அவள் முன்னறையில் ரேடியோவோடு தனியாக இருப்பாள். முப்பது வருஷமாக அப்படித்தான்.

"நான் கையெழுத்துப் போட்டவ, வில்ஃப்."

"இது இன்னும் சரக்காகவே இல்லடி. வெறும் பார்லிக் கஞ்சி. ஈஸ்ட் போட்டாத்தான் பாவம்."

அவள் கரண்டியை நக்கினாள். கரும்பாகைப் பற்றி அவளுக்கு யார் சொல்லித்தர வேண்டும்? ஐந்தாவது கரண்டியில் கையைக் காட்டினாள். "போதும். கேக்கு ஓரம் கருகுமே, அந்தக் கசப்பு வந்துருச்சு." வில்ஃப் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தான். இத்தனை காலமும் அவன் தேடிய அளவு அதுதான்.

ஈஸ்ட் போட்டு வாளியை மூடினோம். அதோடு அவன் எழுந்து நடப்பதும் நின்றது. முன்னறைக் கட்டிலில் கிடந்தபடியே கேட்பான்: "ஐவி, நுரை அடங்கிருச்சா?" அவள் போய் மூடியைத் திறந்து பார்ப்பாள். "வாசம் எப்படி?" மறுபடி போய்த் திறந்து மூக்கை நுழைப்பாள். ஒரு நாளைக்கு இருபது தடவை. பொங்குகிற வாளியில் காற்றுப் பட்டால் புளித்துக் கெட்டுப்போகும் என்று எங்கள் தெருவில் பிறந்த குழந்தைக்கும் தெரியும், அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவள் கொண்டுவரும் பதிலுக்காகத்தான் அந்த மனுஷன் மூச்சையே இழுத்துக்கொண்டிருந்தான். வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் பாட்டிலில் அடைத்தோம். இது தன் அடக்கத்துக்கு, அதற்கு முன்னால் என் வாய் அதில் படக்கூடாது என்று வில்ஃப் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். அவனுக்காக ருசி பார்க்க ஐவி அந்தக் கையெழுத்துக் காகிதத்துக்கு முதுகைக் காட்டி நின்று ஒரு வாய் குடித்தாள். முகம் கோணியது.

"கசக்குதா?" என்றான்.

"கசக்குது."

"பின்னாடி பாகு தெரியுதா?"

"தெரியுது, வில்ஃப்."

"அப்ப சரி." புளிக்குதா என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. அவன் காய்ச்சியது ஒரு தடவைகூடக் கெட்டதில்லை.

ஜனவரி கடைசியில் செத்தான். பனியில் குழி வெட்ட இரண்டு நாள் ஆயிற்று. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் பன்றித்தொடைக்கறி சாண்ட்விச்சும் தேநீரும் வந்தன. ஷிஃப்ட் ஆட்கள் ஆறு பேருக்கு நான் பாட்டில்களைத் திறந்து ஊற்றினேன். நானும் ஒரு வாய் குடித்தேன். காடி. சுத்தமான காடி. ஆறு பேரும் தலையைக் குனிந்தார்கள். ஒருவனும் முகம் சுளிக்கவில்லை. ஆறு பேரும் கிளாஸைக் காலி பண்ணிவிட்டு மறுபடி நீட்டினார்கள். அன்றைக்கு அவர்கள் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருந்தது எனக்கு.

ஐவி காலித் தேநீர்க் கோப்பையோடு என்னிடம் வந்தாள். பாதிரியார் பார்க்கப் பார்க்க அதில் கொஞ்சம் ஸ்டவுட் ஊற்றிக் குடித்தாள்.

"பெர்சி, மறைக்காமச் சொல்லு. இது எப்பவும் இப்படித்தான் இருக்குமா?"

இல்லை என்றால், பின்னே எதனால் கெட்டது என்று கேட்பாள்; மூடியைத் திறந்த கை அவளுடையது. ஆமாம் என்றால், இந்தத் தெருவிலேயே நல்ல பீர் காய்ச்சினவனை அவன் பெண்டாட்டியிடமே அசிங்கப்படுத்துகிறேன். வில்ஃப் திருப்பி அடிக்க முடியாத இடத்தில் இருந்தான்.

"எப்பவும் இப்படித்தான், ஐவி."

"இந்தக் கண்றாவிக்காகவா முப்பது வருஷம் சனிக்கிழமையெல்லாம் என்னத் தனியா விட்டான்?" என்றாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோப்பையைக் கீழே வைத்தாள். "பாவம். நல்லதா ஒரு வாய் குடிக்காமலே போய்ச் சேந்துட்டான்."

நான் அடுத்த பாட்டிலைத் திறந்தேன்.