ஆத்துல தண்ணி வந்துருச்சு

மிசிசிப்பி ஆற்றங்கரையில், சோளம் ஏற்றும் படகுக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள் என் மகள். இன்று காலை போனில், "அத்தா, ஆத்துல தண்ணி வந்துருச்சு" என்றாள். கூடவே ஒரு சங்கு நீளமாக ஊதியது.

அவ்வளவுதான், எனக்கு அரைக்கால் சட்டை வயது திரும்பிவிட்டது. குரங்கணி மலையில் மழை பெய்தால், மணலாய்க் கிடக்கும் எங்கள் போடி ஆற்றில் தண்ணீர் சொல்லாமல் வரும். முதலில் மக்கிய இலையும் செம்மண்ணும் கலந்த வாசம். அப்புறம் மேட்டிலிருந்து, "தண்ணி வருதுடோய்" என்று கூப்பாடு. ஒருமுறை எங்கள் அத்தா என்னை விட்டுவிட்டு ஆட்டைத் தூக்கிக்கொண்டு கரையேறினார். கேட்டதற்கு, "நீ ஓடிருவே, அது கட்டிக் கெடந்துச்சுல்ல" என்றார்.

"எல்லாத்தையும் போட்டுட்டு வெரசா மேட்டுக்கு ஓடும்மா" என்று போனில் கத்தினேன்.

மகள் சிரித்தாள். "அத்தா, இத்தனை நாளா தண்ணி இல்லாம படகெல்லாம் மணல்ல தட்டி நின்னுச்சு. வேலைய விட்டு அனுப்பிருவாங்கன்னு பயந்து கெடந்தோம். இப்பத்தான் தண்ணி வந்து படகு கெளம்புது. அந்தச் சங்குதான் கேட்டுச்சு."

கீழேயிருந்து என் மனைவி கேட்டாள்: "அவளை ஓடச் சொல்லிட்டு, நீங்க எதுக்கு மொட்டமாடிக்கு ஏறுனீக?"