வராத தேதியில் சில கோப்புகள்

எண்பதுகளின் பின்பாதி. திருச்சி கன்டோன்மென்ட்டில், கொதிகலன் செய்யும் பட்டறைகளுக்குக் கணக்குப் போட்டுத் தரும் ஒரு சின்ன அலுவலகம். ஒரே ஒரு யூனிக்ஸ் கம்ப்யூட்டர். அதற்கு நானும், ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் என் சீனியரும். அந்த மார்ச்சில் ஒரு காலை, காவேரிப் பாலத்தில் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே அவர் உயிர் போய்விட்டது.

அவர் வேலை என் தலையில் விழுந்தது. கொதிகலன் தகட்டின் தடிமனைச் சொல்லும் ப்ரோகிராம். எழுதிய மூலநிரலை ஓடக்கூடிய கோப்பாக எப்படித் தொகுப்பது என்று சொல்லும் மேக்ஃபைலில், ஒத்திகைக்காக நீராவி அழுத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார். நிஜ அழுத்தத்தைப் போட்டு 'மேக்' என்ற கட்டளையைக் கொடுத்தேன். புதிதாகச் செய்ய ஒன்றுமில்லை என்றது. தடிமன் பழையதுதான். மூலநிரலையும் திறந்து ஒரு வரியை மாற்றிப் பார்த்தேன். அதே பதில். சனியன் பிடித்த இயந்திரம்! "நான் பாத்துட்டேன், நீங்க விடுங்க" என்று அவர் வழக்கமாகச் சொல்வது காதருகே கேட்டது.

வாசலில் பட்டறை ஃபோர்மேன் பாய் நின்றார்.

"தகடு வெட்டிடலாமாம்மா? சார் இருந்தப்பவும் இதே அளவுதானே வந்துச்சு?"

"இருங்க பாய். அது ஒத்திகை அளவு. அதுல நிஜ ஆவி ஏத்தினா வெடிச்சிரும்."

"அப்ப மாத்துங்க."

"மாற மாட்டேங்குதே!"

கோப்புகளின் தேதிகளைப் பார்த்தேன். அவர் தொகுத்து வைத்தவை எல்லாவற்றிலும் ஏப்ரல் மூன்று. நாங்களோ இன்னும் மார்ச்சில் இருந்தோம். செத்துப்போனவர், வராத ஒரு நாளில் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார். பயந்தேன், சத்தியமாகப் பயந்தேன்.

பிறகுதான் உறைத்தது. கரண்ட் போய் வந்தால் அந்த இயந்திரத்துக்குத் தேதி மறந்துவிடும். நாம்தான் எண்களாகத் தட்ட வேண்டும், மாதம் முதலில், நாள் பிறகு. மார்ச் நாலாம் தேதி கரண்ட் போனபோது, அவர் நம் வழக்கப்படி நாளை முதலில் தட்டியிருக்கிறார். இயந்திரம் அதை ஏப்ரல் மூன்று என்று எடுத்துக்கொண்டது. மறுநாள் கரண்ட் போனபோது தேதியைச் சரியாகப் போட்டது நான், எதையும் கவனிக்காமலே. மேக் தேதியை மட்டுமே பார்க்கும். தொகுத்த கோப்பு மூலநிரலைவிடப் புதிதென்றால் தொடவே தொடாது. நான் எத்தனை திருத்தினாலும் அவருடையதுதான் புதிது.

அவர் கோப்புகளை அழித்தேன். மறுபடி தொகுத்ததும் தடிமன் ஏறியது. பாய் தாளை வாங்கிப் பழைய அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"யா அல்லா! பாய்லர டெஸ்ட் பண்றப்ப முன்னாடி நிக்கிறது நான்தாம்மா."

ஏப்ரல் மூன்றாம் தேதி காலையும் கரண்ட் போய் வந்தது. வேண்டுமென்று செய்யவில்லை, என் கை நாளை முதலில் தட்டிவிட்டது. திரையில் மார்ச் நாலு. அவர் பக்கத்து நாற்காலியில் உயிரோடு இருந்த நாள். மாற்ற மனசு வரவில்லை. அந்த நாற்காலிப் பக்கம் திரும்பவும் துணிச்சல் வரவில்லை.

"அடுத்த தகட்டு அளவு ரெடியாம்மா?" வாசலில் பாயின் குரல்.

தேதியை மாற்றினேன்.