எதிர்வீட்டுப் பேராசிரியரும் என் மின்விசிறியும்

செவ்வாய்க்கிழமை காலை பால் வாங்கப் போன என் மனைவி வெறுங்கையோடு திரும்பி வந்து, "எதிர்வீட்டு சார் போயிட்டாருங்க" என்றாள். "எங்க, சேத்தியாத்தோப்புக்கா?" என்று கேட்டேன். அது அவர் மாமனார் ஊர். முந்தின நாள் மாலை என் கேட்டருகே நின்று பேசிய மனிதர் வேறெங்கே போவார்? மாரடைப்பாம்.

பேராசிரியர் குணசேகரனை நம் குவார்ட்டர்ஸில் எல்லோருக்கும் தெரியும். பூமியைக் காலி செய்யாமல் பிழைப்பது எப்படி என்று பொறியியல் மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். அவர்களில் பாதிப்பேரின் அப்பாக்கள் என்னோடு நிலக்கரி மைன்ஸில் பூமியைத் தோண்டுகிறவர்கள். சிங்கத்தின் குகையில் உட்கார்ந்து கீரையின் பெருமை பேசும் உத்தியோகம்.

அவருக்கு வாய்த்த சிங்கம் நான். நம் குவார்ட்டர்ஸ் வழக்கம்தான் தெரியுமே. வீட்டைப் பூட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனாலும் உள்ளே ஃபேன் சுற்றும். நாம் தோண்டும் நிலக்கரியில் வரும் கரண்ட் நம்முடையது என்ற கர்வம். என் வீட்டு ஃபேன் நான் குடிவந்த அன்று சுற்றத் தொடங்கியது. அதன் காற்றில் வாசல் வேப்பமரமே தெற்கே சாய்ந்துவிட்டது.

ஆண்டுதோறும் மாணவர்களை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போவது போல என் வீட்டுக்குக் கூட்டிவருவார். நான் மகாராஜாவாக அமர்ந்து எல்லோருக்கும் டீ கொடுப்பேன். ஆளில்லாத அறையின் ஃபேனைக் காட்டி, "யாருக்குடா இது வீசிக்கினு இருக்குது?" என்பார். போகும்போது ஆய்வுக்கூடத்திலிருந்து கொண்டுவந்த பழுப்பு நிலக்கரிக் கட்டி ஒன்றை என் கையில் வைப்பார். "உங்க காலி ரூம் தின்ன சோறுண்ணே."

இந்த வருடம் சிரிப்பில்லாமல் வந்தார். யாரும் மாறப்போவதில்லை, பிறகு எதற்கு இந்தப் பாடம் என்று மாணவர்கள் கேட்டுவிட்டார்களாம். "நீங்க ஒருத்தர் ஒரு மாசம் ஃபேனை நிறுத்திக் காட்டுங்கண்ணே. புள்ளைங்க நம்பும்." ஒரு நோட்டும் கொடுத்தார், தினமும் எழுத. நான் ராஜவாக்குக் கொடுத்தேன். மாதம் முடிந்து அவர் கேட்டருகே வந்து நின்ற அந்தத் திங்கட்கிழமைதான், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, முப்பது நாளையும் ஒரே மூச்சில் எழுதி அவரிடம் நீட்டினேன். புரட்டினார். "நல்லதுண்ணே" என்று போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுநாள் மாணவர்கள், அவர் வீட்டிலிருந்து வாங்கிய அந்த நோட்டோடு என் கேட்டில் நின்றார்கள். சார் சொன்னபடி நான் வகுப்புக்கு வந்து பேச வேண்டுமாம். வாய்ச்சவடால் எல்லாம் எங்கோ போய்விட்டது. "ஒரு நாள்கூட நிறுத்தலம்மா" என்றேன்.

முன்னால் நின்ற பெண் முகம் மாறவில்லை. "சாருக்குத் தெரியும் அங்கிள்" என்று கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். சிவப்பு மையில் அவர் கையெழுத்து: 'எல்லாம் பொய். அண்ணனிடம் கோபிக்கக் கூடாது. அடுத்த மாதமும் கேட்க வேண்டும்.'

அன்று ஃபேனை நிறுத்தினேன். வீடு அத்தனை நிசப்தமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அவர் கொடுத்ததில் என்னிடம் இருப்பவை இரண்டு. சுவிட்சுக்குக் கீழே வைத்திருக்கும் கடைசி நிலக்கரிக் கட்டி. காய்ந்து உதிர்கிறது, பெருக்க மனமில்லை. இன்னொன்று மாணவர்கள் என்னிடமே விட்டுப்போன அந்த நோட்டு. மறந்துபோய் ஃபேன் ஓடிய நாட்களையும் இப்போது அப்படியே எழுதுகிறேன். மாதக் கடைசியில் வகுப்பில் வாசிக்க வேண்டும். எழுதி முடித்ததும் காட்டலாமென்று எழுந்து, எதிர்வீட்டு கேட் வரைக்கும் போய்விடுகிறேன்.