பஞ்சி பிடித்த ஸ்பானியர்

ஸ்பானிய உதைபந்தாட்டக்காரர் ஒருவரின் வீட்டில் துப்புரவு வேலை செய்தேன். இத்தாலியின் பலேர்மோவில் எனக்கு அது இரண்டாவது வருடம். அவர் கையெழுத்திட்ட வேலை ஒப்பந்தத்தைக் காட்டித்தான் வருகிற கோடையில் என் பெர்மெசோவை, அதாவது இங்கே தங்கும் அனுமதியை, புதுப்பிக்க வேண்டும். நகரத்து அணி அவரை வைத்திருந்தால் எனக்கும் வேலை. அனுப்பிவிட்டால் இரண்டு பேரும் அவுட். ஆகவே, பந்து உருண்டையா சதுரமா என்றே கவலைப்படாத நான் திங்கட்கிழமைகளில் விளையாட்டுப் பக்கம் வாசிக்கத் தொடங்கினேன்.

ஒரு விஷயம் எனக்கு விளங்கவேயில்லை. அவர் வீட்டுச் சுவரில் ஒரு படம்: சொந்த ஊரில் சனம் அவரைத் தோளில் தூக்கி வைத்திருக்கிறது. இங்கே பல்லரோ சந்தைக்கு அவரோடு போனால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மீன்காரர் என்னைத்தான் கூப்பிட்டுச் சுகம் விசாரிப்பார். அதே ஆள், அதே கால். கடல் தாண்டியதும் அந்தப் பேரும் புகழும் எங்கே போய்த் தொலைந்தன?

பேப்பரில் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஒவ்வொரு வாரமும் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரே சொல். பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தை வைத்து எழுத்துக்கூட்டினேன்: பஞ்சினா. எங்கள் பேச்சில் பஞ்சி என்றால் சோம்பல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடிய எழும்பி ஓடுகிற மனிசனையா?

சந்தைக்குப் பக்கத்து அல்பெர்கேரியாப் பகுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த மன்னார் அக்காவிடம் சொன்னேன். "அவருக்குப் பஞ்சியாம் அக்கா, பேப்பரிலை போட்டிருக்கிறாங்கள்."

"பஞ்சி பிடிச்சவனை ஆர் வைச்சிருப்பினம்? நீ இப்பவே வேறை வீடு பார் பிள்ளை," என்றார்.

அடுத்த நாள் பேப்பரை ஸ்பானியர் முன்னால் விரித்தேன். இருவருக்கும் அரைகுறை இத்தாலியன்தான். "உங்களைச் சோம்பேறி எண்டு எழுதியிருக்கிறாங்கள். சும்மா விடாதேங்கோ!"

வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "பன்கீனா," என்று திருத்தினார். அந்தச் சொல்லுக்கு வாங்கு, அதாவது பெஞ்ச், என்றுதான் அர்த்தமாம். பிறகு குசினி வாங்கில் போய், கைகளை முழங்காலில் வைத்து உட்கார்ந்து காட்டினார். மற்றவர்கள் விளையாடுவார்கள், நான் இப்படி இருப்பேன் என்றார். இப்போது அவர் சிரிக்கவில்லை. ஐயோ, ஏன்தான் வாயைத் திறந்தேனோ என்றிருந்தது.

மே மாதத்தில் ஒரு நாள் எனக்கும் சேர்த்துக் கோப்பி ஊற்றினார். சொந்த ஊரின் சின்ன அணி கூப்பிடுகிறதாம். அங்கே போனால் வாராவாரம் விளையாடலாம். இங்கேயும் இன்னொரு வருடம் தருகிறார்களாம், ஆனால் வாங்கில்தான் இருக்கவேண்டி வரும். தகப்பன் வா என்கிறார், ஏஜென்ட் போகாதே என்கிறார். "நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார்.

என் பெர்மெசோ அவருக்கு நினைவில் இல்லை. எனக்கோ அதைத் தவிர வேறொன்றும் நினைவில் இல்லை. போனால் அந்தச் சனம் அவரை மறுபடியும் கொண்டாடும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"இஞ்சையே இருங்கோ," என்றேன்.

இருந்தார். எனக்குப் பெர்மெசோ கிடைத்தது. அந்த வருடம் முழுக்க அவரை ஒரு தடவைகூட மைதானத்தில் இறக்கவில்லை. எதையும் நோண்டி நோண்டிக் கேட்கிற நான், என் சொல்லைக் கேட்டுத்தான் இருந்தீர்களா என்று மட்டும் அவரிடம் கேட்கவேயில்லை.