இருபது அறைகளும் ஒரு வாயும்

அம்மா மலையேறப் போவதாக அறிவித்தபோது வீட்டில் யாரும் மறுக்கவில்லை. மறுப்பதற்கு முதலில் நம்ப வேண்டும். அப்பா கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அங்க எஸ்கலேட்டர் இருக்கா?" என்று கேட்டார். தம்பி சிரித்தான். எனக்கு அப்போது பதினொரு வயது. சிரிக்கலாமா கூடாதா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அம்மா சமையலறைக்குப் போய்விட்டார்.

மலேசியாவில், கிள்ளான் துறைமுகத்துக்கு அருகே ஒரு சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் அம்மா குமாஸ்தாவாக இருந்தார். அங்கே உடன் வேலை பார்த்த ஒருவர் மூலம், வார இறுதிகளில் குன்றேறும் பெண்கள் குழு ஒன்று அவருக்கு அறிமுகமாயிற்று. ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை ஒருவர் அதன் தலைவி. எல்லாருக்கும் அவர் டீச்சர். குழு அந்த ஆண்டு உலு லங்காட்டில் உள்ள நுவாங் மலைக்குப் போவதாக இருந்தது. விடியலில் தொடங்கினால் இறங்கி வர மாலையாகும் மலை அது. புதிதாகச் சேர்பவர்களுக்கு டீச்சர் ஒரு தேர்வு வைத்திருந்தார். மூன்று லிட்டர் தண்ணீர், உணவு, மழைச்சட்டை ஆகியவற்றைத் தம் முதுகில் தாமே சுமந்து, காஜாங்கைத் தாண்டியுள்ள புரோகா குன்றின் உச்சியில் ஒரு மணி நேரத்துக்குள் நிற்க வேண்டும். நிற்காதவருக்கு நுவாங் இல்லை. அம்மாவுக்கு நுவாங் வேண்டும். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பை வாங்கும் பொறுப்பை மாமா ஏற்றுக்கொண்டார். அம்மாவின் தம்பியான அவர் சுபாங் ஜெயாவில் இருந்தார். மலையேற்றக் கருவிகளைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் காணொளிகள் அனைத்தையும் பார்த்தவர். மலை மட்டும்தான் பாக்கி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கொண்டுவந்து கூடத்தில் இறக்கிய பை ஏறக்குறைய தம்பியின் உயரம் இருந்தது.

"அக்கா, இது பேக் இல்ல, சிஸ்டம். இருபது பாக்கெட். இடுப்புல பெல்ட், நெஞ்சுல கிளிப், தண்ணி குடிக்க டியூப். விசில்கூட இருக்கு லா."

"விசில் எதுக்குடா?"

"காட்டுல தொலைஞ்சு போனா ஊதுறதுக்கு."

"தொலைஞ்சு போறவ ஏன்டா ஊதப் போறா?" என்றார் அம்மா. மாமா இதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு பலமாகச் சிரித்தார்.

அந்தப் பை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் என்பது எனக்கு அன்றே ஒரு கொள்கையாக இருந்தது. அறைகளை எண்ணினேன். பத்தொன்பதுதான் வந்தது. மறுபடி எண்ணி, அடிப்பகுதியில் மழையுறை ஒளிந்திருந்த பிளவைக் கண்டுபிடித்தபோது இருபது நிறைவுற்றது. கணக்குப் புத்தகத்தின் கட்டம்போட்ட தாளில் பையை முன்னும் பின்னுமாக வரைந்து, அறைகளுக்கு எண்ணிட்டு, எதில் எது இருக்க வேண்டும் என்று எழுதினேன். அதை மனப்பாடமும் செய்தேன். அம்மா தாளை வாங்கிப் பார்த்து, "அழகா இருக்கு" என்றார். படித்தாரா என்று தெரியவில்லை.

தேர்வுக்கு அம்மா தனியாகத்தான் போயிருக்க வேண்டும். ஆனால் எங்கள் வீட்டில் ஒருவர் வெளியே கிளம்பினால் மற்றவர்கள் செருப்பைத் தேடுவது வழக்கம். "நாங்க சும்மா பின்னால வரோம்" என்றார் அப்பா. மாமா பை வேலை செய்யும் விதத்தை நேரில் பார்க்க விரும்பினார். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்கள் ஐந்தாயின. அவித்த முட்டை தனி. தம்பிக்கு மாற்றுச்சட்டை, அப்பாவுக்குத் தைலமும் மூக்குக் கண்ணாடியும், மாமாவுக்கு மின்னூட்டி, எனக்கு ஒரு கதைப் புத்தகம். இருபது அறைகள் இருக்கும்போது அவற்றைக் காலியாக விடுவது எங்களுக்கு முறையாகப் படவில்லை. ஏழாம் அறையில் குடை வைத்தவள் நான்தான்.

குன்றின் அடிவாரத்தில் டீச்சர் அம்மாவின் முதுகைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்தார்.

"என்னம்மா, வீடு மாறிப் போறீங்களா?"

அம்மா இடுப்புவாரை இறுக்கினார். டீச்சர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு முன்னால் ஏறிப் போனார்.

முதல் கால் மணி நேரம் நன்றாகவே போயிற்று. பிறகு தம்பிக்கு மூக்கு ஒழுகியது. "மா, டிஷ்யூ." அம்மா நின்றார். நெஞ்சுக் கொக்கியைக் கழற்றி, இடுப்புவாரை அவிழ்த்து, பையைத் தரையில் இறக்கினார். "நாலு!" என்று நான் கத்தினேன். நான்காம் அறையில் இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பையை ஏற்றி, இரண்டையும் மாட்டி, அம்மா பத்தடி நடந்திருப்பார். அப்பாவுக்கு முட்டியில் பிடிப்பு, தைலம் பதினொன்றில். மாமாவின் கைப்பேசி அணைந்துபோயிற்று; மின்னூட்டி பதினாறில். லாலாங் புல் இருபுறமும் அசைய, மற்ற பெண்கள் எங்களைக் கடந்து மேலேறிக்கொண்டிருந்தார்கள். அம்மா ஒவ்வொரு முறையும் இறக்கினார், ஏற்றினார். ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. நான் எண்களைத் தவறின்றிச் சொன்னேன்.

உச்சிப் பாறையில் டீச்சர் கைக்கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினார். பதினோரு நிமிடம் தாமதம்.

"பரவால்ல டீச்சர், மொத தடவைதானே, விட்ருங்க லா" என்றார் மாமா.

"நுவாங்ல லேட்டானா யாரு விட்ருவா? மழையா? அடுத்த சனிக்கிழமைதான் கடைசி" என்ற டீச்சர் அம்மாவிடம் திரும்பினார். "வர்றதுன்னா தனியா வாங்க."

"வரேன்" என்றார் அம்மா.

திரும்பும் வழியில் காருக்குள் பை விசாரிக்கப்பட்டது. சுமைப் பங்கீடு சரியில்லை என்பது மாமாவின் தீர்ப்பு. இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறதாம். "அதுல இருபத்தாறு பாக்கெட்." இவ்வளவு சிரமப்பட்டு அங்கே போய் எதைப் பார்க்கப் போகிறாய் என்று அப்பா கேட்டார். அம்மா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். காஜாங்கில் குச்சியில் சுட்ட சாத்தே இறைச்சி வாங்க நிறுத்தியபோதும் அவர் இறங்கவில்லை.

மறுநாள் மாலையிலிருந்து அம்மா படியேறத் தொடங்கினார். எங்கள் வீடு மின்தூக்கி இல்லாத அடுக்ககத்தின் நான்காம் மாடி. மாமாவின் பையில் அரிசி மூட்டையை வைத்து ஐந்து முறை ஏறி இறங்கினார். பிறகு அதே அரிசியை என் பழைய பள்ளிப்பையில் வைத்து ஐந்து முறை. இரண்டாம் மாடி ஆன்டி கம்பிக்கதவின் பின்னாலிருந்து, "என்னக்கா, அரிசி டெலிவரியா? எனக்கும் ஒரு மூட்டை" என்றார். "அட்ரஸ் தப்பு" என்று சொல்லிவிட்டு அம்மா நிற்காமல் ஏறினார். மூச்சு வாங்க மேலே வந்தவர், "மாமா பை நல்ல பைதான். இடுப்பு பெல்ட் பாரத்தைத் தாங்குது. பள்ளிப்பை தோளை அறுக்குது" என்றார். நான் மகிழ்ந்தேன். அளந்து பார்த்த பிறகு என் பக்கமே நியாயம் இருந்தது.

ஆகவே புதன்கிழமை என்னை அழைத்துக்கொண்டு அவர் கிள்ளான் பேருந்து நிலையத்துக்கு அருகே உள்ள பைக்கடைக்குப் போனபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அண்ணே, ஒரே ஒரு வாய் இருக்கிற பை வேணும். பாக்கெட் கூடாது."

கடைக்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "பாக்கெட் வேணும்னு கேக்குறவங்களைப் பார்த்திருக்கேன். கூடாதுன்னு கேக்குறது நீங்கதான்மா மொத ஆளு. இது பாருங்க, சைடுல ஒண்ணே ஒண்ணுதான்."

"அதுவும் வேணாம் அண்ணே."

அவர் ஏணி போட்டு, மேல்தட்டின் பின்வரிசையிலிருந்து ஒரு கரும்பச்சைப் பையை எடுத்துத் தூசு தட்டினார். இரண்டு வார்கள், ஒரு வாய், வாயை இறுக்க ஒரு கயிறு. அவ்வளவுதான். நான் கடையிலேயே என் ஆட்சேபங்களை வரிசையாக எடுத்துரைத்தேன். பொருள்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அடியில் இருப்பதை எடுக்க மேலே உள்ளதையெல்லாம் வெளியேற்ற வேண்டும். நனைந்த துணி காய்ந்ததை நனைக்கும். இடுப்புவார் இல்லாததால் தோள் அறுபடும். அதை அவரே சொன்னார்.

"ஆமா, நீ சொல்றது எல்லாம் சரி" என்றார் அம்மா. பிறகு அந்தப் பையை வாங்கினார்.

ஒரு வாதத்தில் எல்லாப் புள்ளிகளையும் வென்று தோற்பது எனக்கு அதுவே முதல் முறை. அன்றிரவு அம்மா பழைய சாரோங் கைலியைக் கிழித்து மடித்து வார்களுக்கு உள்ளே வைத்துத் தைத்தார். நான் ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

சனிக்கிழமை வந்தது. எங்களிடம் ஒரே கார் என்பதால் அவரைக் கொண்டுபோய் விடும் சாக்கில் எல்லாரும் கிளம்பினோம். அடிவாரத்தோடு நின்றுகொள்வதாக ஒப்பந்தம். குன்றின் கீழே அம்மா பையை மாட்டப் போகும் நேரம், பழக்கதோஷத்தில் அப்பா கண்ணாடிக் கூட்டை நீட்டினார். "இதக் கொஞ்சம் வெச்சுக்க." தம்பி தன் தண்ணீர்ப் புட்டியை நீட்டினான். நான் என் புத்தகத்தை நீட்டினேன்.

அம்மா மூன்றையும் பார்த்தார். "இதுல இடம் இல்ல" என்றார்.

பையின் வாய் திறந்தே இருந்தது. நான் எட்டிப் பார்த்தேன். பிழையான ஒரு கூற்றைத் திருத்தாமல் விடுவது அந்த வயதில் எனக்கு இயலாத காரியம். "இருக்கு மா. பாதி காலியாத்தான் இருக்கு."

அம்மா ஒரு கணம் என்னை நேராகப் பார்த்தார். கோபம் இல்லை. பிறகு கயிற்றை இழுத்து இறுக்கி, முடிச்சுப் போட்டு, பையை முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா கண்ணாடிக் கூட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் சிறிது நேரம் கையிலேயே வைத்திருந்தார். அவர் சட்டையில் பை இருந்தது. அது நினைவுக்கு வரத்தான் நேரமாயிற்று.

ஒன்பது நிமிடம் மீதமிருக்கும்போதே அம்மா உச்சியைத் தொட்டதாகப் பின்னர் டீச்சர் சொன்னார். இரண்டு தோள்களும் சிவந்திருந்தன. எனக்கு அதில் சிறிது திருப்தி இருந்ததை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

நுவாங் போய்வந்த நாளில், மாலை ஆறு மணிக்குமேல் குழுவின் வேன் அடுக்ககத்தின் வாசலில் நின்றது. அம்மா இறங்குவதை மாடி நடைவழியிலிருந்து பார்த்தோம். முழங்கால்வரை சேறு, தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. உச்சிவரை போனாரா என்று தம்பி மேலிருந்தே கத்திக் கேட்டான். அம்மா தலையசைத்தார். நாங்கள் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தோம். ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று. அவர் வரவில்லை.

நானும் தம்பியும் கீழே ஓடினோம். அம்மா தரைத்தளத்தின் கடைசிப் படியில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பையை வாங்கிக் கயிற்றை அவிழ்த்தேன். காலிப் புட்டிகள், ஈரத் துண்டு, மழைச்சட்டை, பாதி தின்ற கொய்யா.

"எங்களுக்கு ஒண்ணும் வாங்கிட்டு வரலயா?"

"இல்ல."

அலுவலகத்திலிருந்து வந்தாலும் சாவு வீட்டிலிருந்து வந்தாலும் எங்களுக்கென்று ஏதாவது கொண்டுவருபவர் அவர். இந்த முறை மன்னிப்புத் தொனிகூட இல்லை. எங்களை அவர் அங்கே நினைக்கவே இல்லையோ என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதும் கோபம் வந்தது.

"மேல வாங்க மா. அப்பா தைலம் எங்கன்னு தேடுறாரு."

"அஞ்சு நிமிஷம்" என்றார் அம்மா. பையை என்னிடமிருந்து திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். எதிரே கார்கள் நிற்கும் இடத்தில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கால் வலிக்குதா?"

"ஆமா."

நாங்கள் இரண்டு படி மேலே உட்கார்ந்து காத்திருந்தோம். மேலேயிருந்து அப்பா ஒரு முறை கூப்பிட்டார். பிறகு மறுபடி கூப்பிட்டார். அம்மா அசையவில்லை. அவ்வளவு வலி போலும் என்று நினைத்து, நான் தம்பியைப் பேசாமல் இருக்கச் சொன்னேன். அந்த ஐந்து நிமிடமும் கால்வலிக்காகத்தான் என்று வெகு காலம் நம்பியிருந்தேன்.