ஒரு தட்டு என்றால் ஊற்று

இதை நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. என் கணவர் இறந்த அன்று நடந்தது. பட்டப்பகல். ஜன்னல் வழியே நல்ல வெயில்.

பழைய சுவரோவியங்களைச் செப்பனிடுவது எங்கள் இருவருக்கும் தொழில். அன்றைய வேலை ஒரு பழைய நூலகக் கட்டடத்தில். ஒரு சுவர் முழுக்க ஓவியம். சுவருக்குள்ளேயோ பொந்து விழுந்திருந்தது. சிமெண்ட் வைத்தால் உப்புப் பூத்து ஓவியம் உதிர்ந்துவிடும். அதனால் சுண்ணாம்பில் கற்றாழைச் சாறும் மரப்பிசினும் கலந்து, கூழாக்கி, சிறு துளை வழியே ஊற்றுவோம். கற்றாழை சேர்ந்த கூழ் சீக்கிரம் இறுகாது; இடுக்கெல்லாம் ஓடும். அளவு மீறினால் அந்த ஈரப் பாரத்திலேயே சுவர் பிதுங்கிச் சரியும். ஆகவே ஒருவர் ஊற்ற, மற்றவர் சுவரின் பின்பக்கச் சந்தில் நின்று கவனிப்பார். சுவரில் ஒரு தட்டு என்றால் ஊற்று. இரண்டு என்றால் நிறுத்து.

"காதைத் தீட்டி வெச்சுக்க," என்றார் அவர்.

"இருபது வருஷமா உங்க பேச்சைக் கேட்டுக் காதே தேஞ்சுபோச்சு."

சிரித்துக்கொண்டே சந்துக்குள் போனார்.

முதல் குவளை. டொக்.

இரண்டாவது. டொக்.

மரச்சுத்தியலால் தட்டுவது அவர் வழக்கம். இது விரல்முட்டியால் தட்டுவதுபோல் இருந்தது. சுத்தியலை எங்கோ வைத்துவிட்டார்போல என்று நினைத்துக்கொண்டேன்.

வாளி காலியானது. ஒரு சுவர் இவ்வளவா குடிக்கும்?

"போதுமாங்க?"

டொக்.

அடுத்த வாளியை எடுத்தேன். இப்போது சத்தம் என் முழங்கால் உயரத்தில் வந்தது. பிறகு தலைக்கு மேலே... அவர் கைக்கு எட்டாத உயரத்தில்.

"விளையாடாதீங்க."

குவளையை வாளியில் முக்கினேன்.

குவளையை நான் தூக்கக்கூட இல்லை...

டொக்.

ஊற்றினேன்.

டொக்.

என் காதருகே. சுவருக்கு அந்தப் பக்கம் அல்ல.

சுவருக்குள்.

கை நின்றுவிட்டது.

அப்போதுதான் சுவரின் பின்பக்கம் சரிந்தது.

புழுதி அடங்கியபோது ஓவியம் அப்படியே இருந்தது. ஒரு கீறல் இல்லை. அவரை வெளியே எடுக்க மாலையாகிவிட்டது.

எல்லாம் முடிந்த பிறகு, நூலகக் காவலாளி வீட்டுக்கு வந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அவர் ரெண்டு ரெண்டாத்தான்க்கா அடிச்சாரு. நிறுத்து, நிறுத்துன்னு கத்தினாரு. கேட் வரைக்கும் கேட்டுச்சு."

"எனக்குக் கேக்கலையே."

காவலாளி நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"என்னக்கா சொல்றீங்க... அவர் வெளிய ஓடி வரத்தான் பார்த்தாரு. 'நிறுத்திட்டேங்க, அங்கயே நில்லுங்க'ன்னு நீங்கதானே குரல் குடுத்தீங்க?"